வெப்பத்தைப் பார்க்கும் கண்: கெடாத் தோட்டங்களில் வீட்டிலேயே செய்யும் காட்டுக் கேமரா

தானியங்கிக் கேமரா, ஆள் இல்லாமல் படமெடுக்கும் கருவி. மரத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டால், விலங்கு எதிரே வரும்போது தானே விழித்துக்கொண்டு ஒரு படமோ சில நொடி வீடியோவோ எடுக்கும். நினைவட்டையில் சேமித்துவிட்டு மறுபடி உறங்கிவிடும். கடையில் விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவின் மான் வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அங்கே காற்று குளிர்ந்திருக்கும், மானின் உடல் சூடாக இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டை நம்பித்தான் அந்தக் கருவிகள் இயங்குகின்றன. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பகல் வெப்பத்தில் அந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது. மழையும் எறும்பும் மிச்சமிருப்பதைக் கெடுக்கின்றன. வீட்டில் செய்யும் கேமரா மலிவு என்பது அதன் பயன்களில் சிறியது. எந்த இடத்தில் வைக்கப்போகிறோமோ அந்த இடத்துக்கேற்ப அதைத் திருத்திக்கொள்ளலாம் என்பதே பெரியது.

திகாம் பத்து அப்படிப்பட்ட ஓர் இடம். சுங்கை பட்டாணிக்குத் தெற்கே, மூடா ஆற்றை ஒட்டிய கோல மூடா மாவட்டத்துச் சிறு பட்டணம். ஆற்றுக்கு அப்பால் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை. வடக்கே 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றின் சதுப்புநிலக் காடுகள். கிழக்கே கூலிம், பாலிங், சிக் என்று நிலம் உயர்ந்துபோய் உலு மூடாக் காட்டில் முடிகிறது. நடுவில் இருப்பதெல்லாம் பால்மரமும் செம்பனையும் வயலும் வீடமைப்புப் பகுதிகளும்தான். காட்டு விலங்குகளுக்கு இங்கே இடம் இல்லை என்று தோன்றும். இரவில் யார் நடக்கிறார்கள் என்று பார்க்க ஒருவரும் விழித்திருப்பதில்லை என்பதால் வரும் எண்ணம் அது.

கருவி செய்யத் தேவையான கைவேலையும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய பிறகும், கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட பிறகும், லயத்து வீடுகளிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து ஏறியவர்கள் ஏராளம். பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதும், எந்தக் கம்பியில் மின்சாரம் நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதும் பல வீடுகளில் பெற்றோர் செய்த வேலை.

கயிற்றில் தொடங்கிய கதை

அமெரிக்கரான ஜார்ஜ் ஷைரஸ் 1890களில் மிச்சிகன் ஏரிக்கரைகளில் இரவு விலங்குகளைப் படமெடுத்தார். விலங்கு இடறும் கயிற்றோடு கேமராவையும் வெளிச்சத் தூளையும் இணைத்த ஏற்பாடு அவருடையது. 1906 ஜூலை மாத நேஷனல் ஜியோகிராபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே கட்டுரையில் வெளியிட்டது. இந்தியாவில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் இதே முறையை இமய அடிவாரக் காடுகளுக்குக் கொண்டுபோனார். காட்டில் உலவும் புலியை அவர் எடுத்த படங்கள் 1925இல் லண்டன் இதழொன்றின் முதல் பக்கத்தில் வந்தன. வேட்டையாடிக் கொன்ற புலியின் மேல் கால் வைத்துப் படமெடுத்துக்கொள்வது பெருமையாக இருந்த காலம் அது. ஒவ்வொரு புலியின் வரிகளும் வேறு வேறு என்பதைச் சாம்பியன் அப்போதே கவனித்திருந்தார்.

அந்தக் கவனிப்பு கணக்காக மாற எழுபது ஆண்டுகள் பிடித்தன. நாகரஹொளேக் காட்டில் உல்லாஸ் காரந்த் வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, அடர்த்தியை மதிப்பிடும் முறையை 1995இல் வெளியிட்டார். மலேசியாவில் கே கவானிஷி 1998 முதல் 2001 வரை தாமான் நெகாராவில் கேமராக்களை வைத்து, அங்குள்ள வளர்ந்த புலிகள் 52க்கும் 84க்கும் இடையில் இருக்கும் என்று கணித்தார். இந்தியாவின் 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள், கிடைத்த 3.48 கோடிப் படங்களில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. மலேசியாவின் முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு 2016இலிருந்து 2020 வரை நடந்தது. காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்ற செய்தி அதிலிருந்து வந்ததுதான்.

இவை நிறுவனங்களின் வேலை. வீட்டில் செய்பவர்களின் கதை வேறு வழியில் வந்தது. 2000களில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் சோனியின் சிறிய டிஜிட்டல் கேமராக்களைப் பிரித்து, மின்பொத்தானுக்கும் படப்பொத்தானுக்கும் பின்னால் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, வெப்ப உணரி ஒன்றோடு இணைத்தார்கள். சோனி எஸ்-600 போன்றவை இதற்குப் பேர்போனவை. உணரி சொன்னதும் ஏறத்தாழ இரண்டு நொடியில் விழித்துப் படமெடுத்துவிடும். அன்றைய கடைக் கருவிகளைவிட அந்தப் படங்கள் தெளிவாக இருந்தன. பழைய பொருள் கடைகளில் அத்தகைய கேமராக்கள் இன்றும் கிடைக்கின்றன. பிரிப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஒளிவிளக்குக்கான மின்தேக்கி கேமராவை அணைத்த பிறகும் ஏறத்தாழ 300 வோல்ட்டைத் தேக்கிவைத்திருக்கும். அதை இறக்கிவிடாமல் உள்ளே விரலை விட்டால் கை தூக்கிப்போடும்.

உணரி

கருவியின் உயிர் கேமராவில் இல்லை, உணரியில் இருக்கிறது. பாலூட்டியின் உடல் வெளிவிடும் வெப்பக் கதிர்களில் பெரும்பகுதி 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும். இந்தக் கதிர் பட்டதும் சிறு மின்னேற்றம் காட்டும் படிகம் ஒன்று உணரிக்குள் உண்டு. அந்தப் படிகத்தை இரண்டு துண்டாக வைத்து, ஒன்றின் அளவிலிருந்து மற்றொன்றின் அளவைக் கழித்துப் பார்க்கும்படி அமைத்திருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே அளவு வெப்பம் பட்டால் கழித்தல் சுழியாகும். உணரி பேசாமல் இருக்கும். சூடான உடல் ஒன்று குறுக்கே நடந்து முதலில் ஒரு துண்டிலும் பிறகு அடுத்ததிலும் விழுந்தால்தான் அது குரல் கொடுக்கும்.

இதிலிருந்தே பாதி விதிகள் கிடைத்துவிடும். உணரி உடலின் வெப்பத்தை அளப்பதில்லை. பின்னணிக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாட்டையும், அந்த வேறுபாடு நகர்வதையும் பார்க்கிறது. நேரே எதிரில் நடந்துவரும் விலங்கைவிடக் குறுக்கே போகும் விலங்கை அது எளிதில் காணும். அசையாமல் நிற்கும் விலங்கு அதற்கு இல்லாததுதான்.

கெடாவின் நண்பகலில் திறந்த வெளியின் வெப்பம் 33, 34 பாகையைத் தொடும். வெயில் பட்ட மண்ணும் பட்டையும் அதைவிடச் சூடு. ரோமத்தின் மேற்பரப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருப்பதால் விலங்கு பின்னணிக்குள் கரைந்துவிடும். இரவில் காற்று 24, 25 பாகைக்கு இறங்கியதும் அதே உணரி அதே விலங்கை இன்னும் தொலைவிலிருந்தே பிடிக்கும். பகலில் எடுத்த படங்கள் குறைவு என்பதால் பகலில் விலங்கு வரவில்லை என்று முடிவு கட்டுவது இங்கே ஆபத்தான கணக்கு. நீர்நாயிடம் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். ஆற்றிலிருந்து ஏறும்போது அதன் வெளிரோமம் தண்ணீரின் வெப்பத்திலேயே இருக்கும். மூடா ஆற்றங்கரையில் கேமராவைத் தண்ணீர் விளிம்பில் வைப்பதைவிட, அது உடம்பைத் தேய்த்து உலர்த்தும் மணல்திட்டை நோக்கி வைப்பது மேல். உடும்பு வெயில் காய்ந்துவிட்டு நடந்தால் படத்தில் விழும், காலையில் குளிர்ந்த உடம்போடு போனால் விழாது.

வெறும் படங்களால் அட்டை நிரம்புவதும் இதே காரணத்தால்தான். வெயிலில் சூடேறிய இலை காற்றில் அசைந்தால் உணரிக்கு அதுவும் விலங்குதான். பால்மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிழல் போய்த் தரையில் வெயில் திட்டுத் திட்டாக விழும். மற்ற மாதங்களில் ஒழுங்காக வேலை செய்த இடத்திலேயே அப்போது ஆயிரக்கணக்கில் சருகுப் படங்கள் சேரும். கேமராவைக் கிழக்கு மேற்காகப் பார்க்கவைக்காமல் வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ கட்டினால் காலை மாலைச் சூரியன் நேராக உள்ளே விழாது.

வீட்டுக் கேமராவில் பெரும்பாலும் எச்.சி.-எஸ்.ஆர். 501 என்ற சிறு உணரிப் பலகைதான் இருக்கும். மின்கடைகளில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். 65 மைக்ரோஆம்பியர் மின்சாரத்தில் உயிர் வைத்திருக்கும். ஏழு மீட்டர் வரை பார்க்கும். அதன் வெள்ளைக் குமிழ் பாலிஎத்திலினால் ஆனது. வெப்பக் கதிர் அந்தப் பொருளைக் கடக்கும். சன்னல் கண்ணாடியையோ தெளிந்த பிளாஸ்டிக் மூடியையோ கடக்காது. மழைக்குப் பாதுகாப்பு என்று முழுக் கருவியையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஏன் ஒரு படமும் வரவில்லை என்று திகைப்பவர்கள் இந்தத் துறையில் ஏராளம். பெட்டியில் துளையிட்டுக் குமிழை வெளியே நீட்டவைத்து, ஓரத்தை அடைப்பதே வழி.

அடுத்த தொல்லை பார்வைக் கோணம். இந்த உணரி 110 பாகைக்கும் மேல் அகலமாகப் பார்க்கும். மலிவான கேமரா ஏறத்தாழ 65 பாகைதான் பார்க்கும். விலங்கு ஓரத்தில் தலைகாட்டியதுமே உணரி கூப்பிட்டுவிட, கேமரா வெறும் புதரைப் படமெடுத்துவிட்டு அடங்கிவிடும். குமிழின் இரு பக்கமும் கறுப்பு ஒட்டுப்பட்டை ஒட்டியோ, சிறு துண்டு பி.வி.சி. குழாயைக் குமிழின் மேல் பொருத்தியோ பார்வையைக் குறுக்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

மூளையும் மின்சாரமும்

உணரியின் குரலைக் கேட்டுக் கேமராவை எழுப்பும் பலகைகளில் இன்று இரண்டு பெயர்கள் முன்னால் நிற்கின்றன. ஒன்று ராஸ்ப்பெரி பை சீரோ. 2015இல் 5 அமெரிக்க டாலருக்கு வந்த முழுக் கணினி. நல்ல கேமராவை இணைக்கலாம், வீடியோ எடுக்கலாம், வந்தது பூனையா மனிதனா என்று பிரிக்கும் நிரலைக்கூட ஓட்டலாம். ஆனால் தொடங்கவே பல நொடிகள் பிடிக்கும் என்பதால் எப்போதும் விழித்தே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சும்மா இருக்கும்போதே 100 மில்லிஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். 20,000 என்று மேலே எழுதியிருக்கும் பவர் பேங்க் ஐந்து நாளில் படுத்துவிடும். வீட்டுக் கொல்லையிலோ மின்வசதியுள்ள தோட்ட அலுவலகத்தின் பின்புறத்திலோ வைப்பதானால் இதுவே சிறந்தது.

மற்றொன்று ஈ.எஸ்.பி. 32-கேம். இரண்டு மெகாபிக்சல் கேமராவும் நினைவட்டைக்கான இடமும் ஒரே பலகையில் இருக்கின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் இருந்து, உணரி தட்டியதும் ஒரு நொடியை ஒட்டி எழுந்துவிடும். இதன் சில்லு மட்டும் தனியாக உறங்கினால் சில மைக்ரோஆம்பியர் போதும். பலகையில் உள்ள மின்னழுத்தச் சீராக்கி தூங்காமல் தின்றுகொண்டிருப்பதால் நடைமுறையில் 6 மில்லிஆம்பியர் வரை போய்விடும். 3,000 மில்லிஆம்பியர்-மணி கொண்ட ஒரு 18650 லித்தியம் பேட்டரியை அதால் வகுத்தால் 500 மணி நேரம், அதாவது இருபது நாள். படமெடுக்கும் செலவு இதற்கு மேல். அந்தச் சீராக்கியைக் கழற்றிவிட்டுச் சிக்கனமான வேறொன்றைப் போடத் தெரிந்தவரின் கேமரா மாதக்கணக்கில் நிற்கும். இங்கே பவர் பேங்க் உதவாது. மின்சாரம் மிகக் குறைவாகப் போவதைக் கண்டு, இணைப்பே இல்லை என்று நினைத்து அது தானாக அணைந்துவிடும்.

பழகியவர்களுக்குத் தெரிந்த சில நுணுக்கங்களும் உண்டு. இந்தக் கேமரா எழுந்ததும் எடுக்கும் முதல் சில படங்கள் பச்சை பூத்தோ இருண்டோ இருக்கும், ஒளியளவு அப்போதுதான் நிலைப்படும்; அவற்றை எறிந்துவிட்டு அடுத்ததைச் சேமிக்கும்படி நிரல் எழுத வேண்டும். வைஃபை இயங்கினால் அதன் அலை பக்கத்திலுள்ள உணரியைக் கிளறிவிட்டு, ஒன்றுமில்லாமலே படமெடுக்கவைக்கும். அதை நிறுத்திவைக்க வேண்டும். மின்சாரம் ஒருமுறை போனாலே பலகை நேரத்தை மறந்துவிடும் என்பதால், டி.எஸ். 3231 என்ற கடிகாரச் சில்லைத் தனி வட்டப் பேட்டரியோடு சேர்ப்பது அவசியம். ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் அது பிசகும். நேரம் இல்லாத படம் அழகான படமாக இருக்கலாம், தகவலாக ஆகாது.

படத்தின் தரம் என்று வந்தால் இந்த இரண்டு மெகாபிக்சல் ஏழ்மையானதுதான். அட்டைப்படத்துக்கு ஏங்குபவர் பழைய எஸ்.எல்.ஆர். கேமராவை உறங்கவைத்து, தொலைவிலிருந்து இயக்கும் துளை வழியாக எழுப்புவார். விளக்குக்கு நிக்கான் எஸ்.பி.-28ஐத் தேடிப்பிடிப்பார், நாள்கணக்கில் காத்திருந்துவிட்டுக் கணத்தில் விழிக்கும் பழக்கம் அந்தப் பழைய விளக்குக்கு உண்டு. கென்யாவில் கருஞ்சிறுத்தையை 2019இல் வில் பர்ராட்-லூகஸ் எடுத்த புகழ்பெற்ற படங்கள் இவ்வகைக் கருவியில் கிடைத்தவை. அது வேறு செலவு, வேறு கவலை. பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டை வைத்துக் காட்டில் விட்டுவிட்டு வந்தவருக்கு அன்றிரவு தூக்கம் வராது.

இருட்டில் வெளிச்சம்

இரவுப் படத்துக்கு வெள்ளை விளக்கு நிறத்தைத் தரும், விலங்கையும் திடுக்கிடவைக்கும். அந்த வழியே போகும் மனிதரின் கண்ணிலும் படும். அகச்சிவப்பு விளக்கு கறுப்பு வெள்ளைப் படம்தான் தரும். 850 நானோமீட்டர் விளக்குகள் தொலைவு வரை எட்டும், ஆனால் எரியும்போது மங்கிய சிவப்புப் பொட்டுத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் கண்ணுக்கும் அவ்வளவாகத் தெரியாது என்பதால் விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். எதைப் போட்டாலும், வில்லைக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்க ஒட்டியிருக்கும் சிறு வடிகட்டியை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு பகல் படங்களில் இலைகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைக் குறையென்று நினைப்பவர்கள் இரண்டு கேமரா வைப்பார்கள்.

இந்த விளக்கைக் கொண்டு மலேசியாவில் நடந்த ஒரு தந்திரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தீபகற்பத்துச் சிறுத்தைகளில் ஏறத்தாழ எல்லாமே கருஞ்சிறுத்தைகள். புள்ளிகள் கறுப்புக்குள் மறைந்திருப்பதால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க முடியாமல், எத்தனை இருக்கின்றன என்று ஆய்வாளர்களால் எண்ண முடியவில்லை. அகச்சிவப்பு ஒளியில் மட்டும் அந்தப் புள்ளிகள் தெரியும். கடைக் கேமராக்களோ வெளிச்சம் இருக்கும்போது அகச்சிவப்பு விளக்கை எரிப்பதில்லை. திரங்கானுவில் ஆய்வு செய்த லாரி ஹெட்ஜஸும் அவருடைய குழுவினரும், கேமராவின் ஒளியுணரியை ஏமாற்றி, எப்போதும் இரவு என்றே அது நம்பும்படி செய்தார்கள். புள்ளிகள் படத்தில் வந்தன; 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று சிறுத்தைகள் என்ற மதிப்பீடு 2015இல் வெளியானது. கடைக் கருவியை இப்படி ஏமாற்றத்தான் வேண்டியிருந்தது. கையால் செய்த கேமராவில் இது நிரலில் ஒரு வரி.

பெட்டி

எந்தக் கருவியும் கடைசியில் பெட்டியால்தான் கெடுகிறது அல்லது பிழைக்கிறது. பக்கவாட்டில் கொக்கி மாட்டி ரப்பர் வளையத்தோடு மூடும் உணவு டப்பா சில மாதங்களுக்குத் தாங்கும். தடித்த பி.வி.சி. குழாயும் அதன் மூடியும் அதைவிட நீடிக்கும். வில்லைக்கு முன்னால் சிறு கண்ணாடித் துண்டு வைத்து சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும். புளித்த காடி வாடை வரும் பசையைத் தவிர்ப்பது நல்லது. காய்கிறபோது அது வெளிவிடும் அமிலம் செம்புக் கம்பிகளை அரிக்கும். வாடையில்லாத வகையும் கடைகளில் உண்டு. பெட்டியை எவ்வளவு இறுக அடைத்தாலும் மூடும்போது உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் இரவுக் குளிரில் கண்ணாடியில் பனித்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, வெயில் காயும் உலர்ந்த நேரத்தில் மூடுவதே வழக்கம்.

மழைத்தடுப்புக்குத் தோட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பால்வெட்டும் பட்டைக்கு மேல் மரத்தைச் சுற்றிப் பாவாடை போல் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, வழியும் தண்ணீர் பால் சேரும் மங்குக்குள் விழாமல் திருப்பிவிடுவார்கள். அதே தாளைக் கேமராவுக்கு மேலே கட்டினால் மரத்தில் வழிந்து வரும் தண்ணீர் பெட்டியைத் தொடாது. பால்மரத்தில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. பட்டைதான் அந்த மரத்தின் வருமானம். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினால் போதும்.

எறும்பு, மழையைவிடப் பெரிய எதிரி. சூடான பலகையும் உலர்ந்த பெட்டியும் முட்டையிட உகந்த இடம். கம்பி நுழையும் துளையையும் விடாமல் அடைக்க வேண்டும். யானை நடமாடும் சிக், பாலிங் பக்கங்களில் வேறு விதமான சேதம் நேரும். புதிய பொருளைக் கண்டால் துதிக்கையால் பிடுங்கிப் பார்ப்பது யானையின் இயல்பு. அதற்கு இரும்புப் பெட்டிகூட முழு விடையாகாது. வழித்தடத்திலிருந்து ஒதுங்கி, உயரமான மரத்தில் ஏற்றிக் கீழ்நோக்கிக் கட்டுவது ஓரளவு பலிக்கும். லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்புச் சுற்று உள்ளதாகவே வாங்க வேண்டும். நேரடி வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது வேகும்போது, கீழே காய்ந்த செம்பனை ஓலைக் குவியல் இருந்தால் நடப்பதை எண்ணிப்பார்க்கவே வேண்டாம்.

எங்கே கட்டுவது

புதிதாகச் செய்தவர் நேரே பெருங்காட்டுக்குப் போக வேண்டியதில்லை. முதல் வாரம் வீட்டு வாசலில், பூனை நடக்கும் இடத்தில் சோதிப்பதே போதும். அடுத்த இடம் தோட்டம். செம்பனை வரிசைகளுக்கு இடையே ஒன்றுவிட்டு ஒன்று குலை அறுப்பவர் நடக்கும் பாதையாக இருக்கும். மற்றதில் வெட்டிய ஓலையை அடுக்கியிருப்பார்கள். அந்த ஓலை அடுக்குகள் எலிகளின் குடியிருப்பு. எலி இருக்குமிடத்துக்குச் சிறுத்தைப்பூனை வரும், தோட்டத்தில் மூசாங் என்று சொல்லும் மரநாய் வரும், பாம்பும் வரும். அடுக்கு முடியும் முனையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி, பாதைக்குச் சற்றே சாய்வாகக் கட்டப்பட்ட கேமராவுக்கு நடுத்தோட்டத்தைவிடக் கூடுதல் விருந்தாளிகள் கிடைப்பார்கள். வடிகாலின் மேல் போட்ட பலகைப் பாலம், சாலைக்கு அடியில் போகும் குழாய், ஆற்றோரத்தில் வெட்டாமல் விட்ட மரவரிசை ஆகியவையும் அப்படித்தான். கூகைகளுக்காகத் தோட்டங்கள் கம்பத்தில் நிறுத்திவைத்திருக்கும் பெட்டிகளுக்கு எதிரே ஒன்றை வைத்தால், ஓர் இரவில் எத்தனை எலி உள்ளே போகிறது என்பது நேரத்தோடு பதிவாகும். இறகு உடல்வெப்பத்தை மறைப்பதால் அங்கே கேமராவை இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டும்.

இத்தகைய படங்களுக்குத் தோட்ட நிர்வாகத்துக்கே பயன் உண்டு. பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இடம்பெற்ற ஆய்வொன்று பேராக் மாநிலத்தின் செகாரியில் நடந்து, 2019இல் வெளியானது. செம்பனையைத் தின்று கெடுக்கும் என்று விரட்டப்பட்ட பன்றிவால் குரங்குகள், ஒரு கூட்டத்துக்கு ஆண்டில் ஏறத்தாழ 3,000 எலிகளைப் பிடித்துத் தின்கின்றன என்று அது காட்டியது. எலியால் வரும் இழப்பை ஒப்பிட்டால் குரங்கு தின்னும் பழம் சிறியது. விலங்கை விரட்டுவதா விடுவதா என்று முடிவு செய்யும் முன் அது இரவும் பகலும் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்வது நியாயம்தானே.

தோட்டத்துக் கேமராவில் விலங்கைவிட அதிகமாக மனிதர்கள் விழுவார்கள் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். நிர்வாகத்தின் அனுமதி எழுத்தில் இருப்பது நல்லது. தொழிலாளர் குடியிருப்பையும் குளிக்கும் துறையையும் நோக்கி வைக்கக் கூடாது; மனிதர் விழுந்த படங்களை அழித்துவிடுவதே மரியாதை. பெட்டியின் மேல் இது விலங்குகளைப் படமெடுக்கும் கருவி என்று மலாயிலும் தமிழிலும் ஒரு சீட்டு ஒட்டினால் திருட்டும் ஓரளவு குறையும்.

தோட்டத்தைத் தாண்டினால் சட்டம் வருகிறது. நிரந்தரக் காட்டு ஒதுக்கீட்டுப் பகுதிகளுக்குள் நுழைய 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி வனத்துறை அனுமதி வேண்டும். விலங்குகளைப் பொறுத்தவரை தீபகற்பத்தில் நடப்பில் இருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதை நடைமுறைப்படுத்துவது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை. உலு மூடா ஏறத்தாழ 1,60,000 எக்டர் பரப்புள்ள காட்டுத் தொகுதி. மூடா, பெடு, ஆனிங் அணைகளின் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது; திகாம் பத்தை ஒட்டி ஓடும் ஆறும் அங்கேதான் பிறக்கிறது. காட்டுக்குள் சிரா என்று சொல்லும் உப்பூற்றுகள் உண்டு. யானையும் தாப்பிரும் கடமானும் கனிமம் நக்க அங்கே வரும். கேமராவுக்கு அதைவிட வாய்ப்பான இடமில்லை, வேட்டைக்காரனுக்கும் அப்படித்தான். கண்ணி வளையம் எதுவும் தென்பட்டால் அதைத் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குச் சொல்வதே முறை. மலேசியாவில் 2010 முதல் மைகேட் என்னும் புலிப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் காட்டு நடைகளில் பொதுமக்கள் செய்வதும் இத்தகைய வேலையைத்தான்.

படங்களை வெளியிடும்போதும் இதே எச்சரிக்கை தேவை. அழுங்கு என்னும் எறும்புதின்னியின் பன்னாட்டு வணிகத்தை முழுமையாகத் தடை செய்ய 2016இல் முடிவானது. அதன் செதிலுக்கு இன்னும் விலை இருக்கிறது. ஒரு படத்தில் பின்னணியில் தெரியும் பாலமோ மைல்கல்லோ போதும், இடம் அம்பலமாகிவிடும். கைப்பேசியில் எடுத்த கேமராப் பெட்டியின் படத்தில்கூட இருப்பிடக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கிவிட்டே பகிர வேண்டும்.

அட்டையை எடுத்து வந்தபின் செய்வது எழுத்து வேலை. ஒரே மரநாய் கேமராவுக்கு முன்னால் பத்து நிமிடம் சுற்றித் திரிந்தால் நாற்பது படம் விழும். அது நாற்பது மரநாய் ஆகாது. அரை மணி நேர இடைவெளிக்குள் வந்த ஒரே இன விலங்கை ஒரே வருகையாக எண்ணுவது ஆய்வாளர்களிடையே பரவலான வழக்கம். வெறும் படங்களைத் தனியே ஒதுக்க, மெகாடிடெக்டர் போன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. எந்த எண்ணையும் எத்தனை இரவு கேமரா விழித்திருந்தது என்பதால் வகுத்தால்தான் ஓர் இடத்தை மற்றோர் இடத்தோடு ஒப்பிட முடியும். கட்டிய நாளும் கழற்றிய நாளும் குறிப்பேட்டில் இருந்தால் போதாது, இடையில் பேட்டரி என்று தீர்ந்தது என்பதும் வேண்டும். கடைசி விலங்குப் படத்தை வைத்து அதை ஊகிப்பதைவிட, வந்தது வராதது பார்க்காமல் தினமும் நண்பகலில் ஒரு படம் எடுக்கும்படி நிரலில் சேர்த்துவிடுவது எளிது.